வாய் மூடாத டைரக்டர்

ஹார்லன் டீக்குக்கு வாய் மூடி இருக்கத் தெரியாது. கோவர் தெரு முழுக்க அது பிரசித்தம். மருந்துக்கடை வாசலில் கௌபாய் தொப்பியோடு வேலைக்குக் காத்து நிற்கிற துணை நடிகர்கள் அவன் வருவதைப் பார்த்துவிட்டால், "ரேடியோ வருது, வழி விடுங்கடா" என்பார்கள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். நின்று அவர்களோடும் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவான்.

வேடிக்கை என்னவென்றால், அவன் பிழைப்பு ஊமைப் படம் எடுப்பது. நெப்ராஸ்காவில் ஒரு சின்னப் பத்திரிகைக்குச் சாவுச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவன் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து, லோமாக்ஸ் கம்பெனியில் படத்துக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகளை எழுதினான். கொஞ்ச நாளில் கதையும் எழுதினான். முதலாளி லோமாக்ஸ் ஒரு நாள், "எழுதறவனே எடுத்தும் குடுத்துட்டா எனக்கு ஒரு ஆள் சண்டை மிச்சம்" என்று சொல்லி அவனை டைரக்டராக்கிவிட்டார். சினிமாவில் முக்கால்வாசிப் பேர் டைரக்டரானது இந்த லட்சணத்தில்தான்.

பேசாத படம் எடுக்கிற இடம் சந்தைக்கடையை விட மோசமாக இருக்கும். ஒரு பக்கம் தச்சன் ஆணி அடிப்பான். அழுகைக் காட்சி என்றால் ஒரு வயலின்காரர் மூலையில் உட்கார்ந்து இழுப்பார். அத்தனை கூச்சலுக்கும் மேலே டீக்கின் குரல் கேட்கும். காமிராவின் கைப்பிடி சுற்ற ஆரம்பித்ததிலிருந்து நிற்கிற வரை அவன் பேசிக்கொண்டே இருப்பான். நடிக்கிறவர்கள் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டே நடிப்பார்கள். எல்லா டைரக்டர்களும் கொஞ்சம் பேசுகிறவர்கள்தான். டீக் மாதிரி யாரும் பேசியதில்லை.

வெர்னா வந்தது அப்படி ஒரு நாளில்தான். பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒரு சலவைக் கம்பெனியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண். கூட்டத்தில் நிற்க வந்தவளை, முகம் நன்றாக இருக்கிறதே என்று டீக் முன்னால் நிறுத்தினான். கம்பம் மாதிரி நின்றாள். அவன் ஆப்பிள் பெட்டி ஒன்றைக் காமிராவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"என்னைப் பாக்காதம்மா. மேஜையைப் பாரு. ஒரு கவர் இருக்கு. யாரு எழுத்து அது? உனக்குத் தெரியும். தொடாத. தொட்டா பிரிக்கணும், பிரிச்சா படிக்கணும். ஜன்னலைப் பாரு. வெயில் நல்லா அடிக்குது, துணி காயப்போடலாம்னு தோணுது. சரி, இப்ப அந்தக் கவரை எடு. மெதுவா."

அவள் எடுத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வந்தது. வயலின்காரர் வில்லைத் தூக்கவே இல்லை.

"போதும்" என்றான் டீக். அது அவன் வழக்கம். மற்றவர்கள் 'கட்' என்று கத்துகிற இடத்தில் அவன் மெதுவாகப் போதும் என்பான்.

"எப்படி சார் அழுதேன் நான்?" என்று கேட்டாள் வெர்னா. "எனக்கு யாரும் கடுதாசியே போட்டதில்லையே."

அதற்கப்புறம் அவன் படம் எல்லாவற்றிலும் அவள்தான். சாண்டா மோனிகா கடற்கரையில் ஒரு காட்சி எடுத்தார்கள். அவள் அலையில் இடுப்பளவு நின்று, போன கப்பலைப் பார்க்க வேண்டும். எடுத்து முடிந்ததும் டீக்குக்கும் காமிராக்காரருக்கும் வெளிச்சத்தைப் பற்றி வாய்ச்சண்டை வந்துவிட்டது. டீக் வாயைத் திறந்தால் சண்டை சீக்கிரம் முடியுமா? அவன் திரும்பிப் பார்த்தபோது அவள் தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கம்பளியைத் தூக்கிக்கொண்டு அவன் பூட்ஸோடு கடலில் இறங்கி ஓடினான்.

"பைத்தியமா உனக்கு? ஏன் வெளியே வரலை?"

"நீங்க போதும்னு சொல்லலையே" என்றாள், பல் தந்தி அடிக்க.

அந்த வசந்தத்திலேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். ஒரு பெண் இவ்வளவு நம்பினால் ஆண்பிள்ளைக்குத் தலை கொஞ்சம் கனக்கத்தான் செய்யும். அவனுக்கும் கனத்தது.

பிறகு பேசும் படம் வந்தது. ஒரே வருஷத்தில் ஊரே தலைகீழாகிவிட்டது. தச்சர்களை வெளியே துரத்தினார்கள். சுவரெல்லாம் கம்பளி தொங்கியது. காமிரா இரைகிறது என்று அதையும் காமிராக்காரரையும் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். உள்ளே போன மனிதர் குளித்துவிட்டு வந்தவர் மாதிரி வெளியே வருவார். பட்டுப் பாவாடை உரசினால் மைக்கில் புயல் அடிப்பதுபோலக் கேட்குமாம். அதனால் நடிகைகளுக்குப் பருத்தி. கடிதம் படிக்கிற காட்சியில் காகிதத்தை நனைத்துக் கொடுத்தார்கள்.

இத்தனைக்கும் ராஜா, டெலிபோன் கம்பெனியிலிருந்து வந்த பர்செல் என்ற மனிதர். உயரத்தில் ஒரு கண்ணாடி அறைக்குள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குரல் மெழுகுத் தட்டில் பதிவாகும். இரண்டு தட்டு. ஒன்றை அங்கேயே போட்டுக் கேட்பார்கள். கேட்டதும் அது கெட்டுப்போகும். நன்றாக இருந்தால் மற்றதைப் படத்துக்கு அனுப்புவார்கள். தட்டை வெட்டி ஒட்ட முடியாது. நடுவில் ஒருவர் தும்மினாலும் முதலிலிருந்து மறுபடி எடுக்க வேண்டியதுதான். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் லோமாக்ஸ் முதலாளிகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்பார்.

டீக்கின் எழுத்து பேசும் படத்துக்குத் தோதாக இருந்தது. வாயாடிக்கு வசனம் எழுத வராதா என்ன. வெர்னாவின் குரலும் நல்ல குரல்தான், கொஞ்சம் தடித்த, தூசி படிந்த குரல். வில்லங்கம் வேறு இடத்தில் இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்ததும் டீக் வாயை மூடிக்கொண்டான். அவன் வாயை மூடியதும் வெர்னாவின் கண் அவனைத் தேட ஆரம்பித்தது.

லோமாக்ஸ் வயிற்றுப் புண்ணுக்காகப் பாலில் பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்றுகொண்டே வெர்னாவின் சோதனைப் படத்தைப் பார்த்தார்.

"பேசறா, இல்லேங்கலை. ஆனா எதையோ தொலைச்சிட்டுத் தேடற மாதிரி பேசறா. இதப் பாரு டீக், நியூயார்க் நாடகத்துலேர்ந்து ஒருத்தி வந்து ஓட்டல்ல உக்காந்திருக்கா. அவளுக்கு யாரும் பக்கத்துல இருந்து ஊட்டிவிட வேண்டாம். உன் பொண்டாட்டிங்கறதால ஒரு படம் தரேன். தேறலைன்னா என்னைக் குத்தம் சொல்லாத."

வீட்டில் வெர்னா பன்றிக்கறியையும் உருளைக்கிழங்கையும் வறுத்துக்கொண்டே இதைக் கேட்டாள். "நீ பேசாட்டி எனக்குக் கையை எங்க வச்சுக்கறதுன்னே தெரியலை, டீக். இஸ்திரிப்பெட்டியையே கட்டிக்கிட்டு இருந்திருக்கலாம் நான்."

அவன் சமையலறைச் சுவரில் இருந்த டெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் படத்தின் முக்கியமான காட்சியை அவன் மாற்றி எழுதினான். கணவன் சுரங்க விபத்தில் செத்த செய்தி கதாநாயகிக்கு டெலிபோனில் வருகிறது. அவள் சொல்வது இரண்டு மூன்று வார்த்தைதான். மற்றதெல்லாம் அவள் கேட்கிற முகம். செட்டிலிருந்த டெலிபோன் கம்பியை உண்மையாகவே இழுத்து, பின்னால் இருந்த பெயிண்ட் கொட்டகை வரை கொண்டுபோனார்கள். கொட்டகையில் இன்னொரு டெலிபோனோடு டீக் உட்கார்ந்தான். கருவியை அவள் காதோடு அழுத்திப் பிடித்தால் மைக்குக்கு எதுவும் கேட்கவில்லை என்று பர்செல் தலையாட்டினார்.

அவனால் அவளைப் பார்க்க முடியவில்லை. அவள் மூச்சு மட்டும் கம்பி வழியாக வந்தது. அதை வைத்தே பேசினான்.

"வெர்னா, நான்தான். அடுப்புல என்ன வச்சிருக்கே? அதையே நினைச்சுக்கோ. அவங்க ஏதோ சொல்றாங்க. காதுல விழலை உனக்கு. மறுபடி கேளு. இப்ப விழுந்துடுச்சு. உக்காராத. அடுப்பை அணைக்கணும்ல, தீஞ்சுடும்."

அந்தப் படம் ஓடியது. சால்ட் லேக்கிலும் டென்வரிலும் பெண்கள் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வந்தார்கள் என்று சினிமாக் கொட்டகைக்காரர்கள் எழுதினார்கள். லோமாக்ஸ் அடுத்த படம் கொடுத்தார். அதிலும் டெலிபோன் மணி அடித்தது. அதற்கடுத்த படத்தில் இரண்டு முறை அடித்தது.

பொமோனாவில் ஒரு படத்தைச் சொல்லாமல் போட்டுப் பார்த்தார்கள். புதுப் படத்தை வெளியிடும் முன் வெளியூர்க் கொட்டகையில் ஓட்டி ஜனம் என்ன செய்கிறது என்று பார்ப்பது வழக்கம். கதாநாயகி மேல் மாடிக்கு ஓடுகிறாள், கதவைச் சாத்துகிறாள், டெலிபோன் மணி அடிக்கிறது. பின்வரிசையில் ஒருவன் சத்தமாகச் சொன்னான்:

"எடும்மா, உனக்குத்தான்."

கொட்டகை கொல்லென்று சிரித்தது. இன்னொருத்தன், "டெலிபோன் கம்பெனிக்காரன் காசு போட்ட படம்டா இது" என்றான். வெர்னாவின் நல்ல காட்சி முழுக்கச் சிரிப்பிலேயே ஓடி முடிந்தது. அவள் டீக்குக்குப் பக்கத்தில் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீடு வரும் வரை டிராமில் ஆரஞ்சுத் தோப்புகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

லோமாக்ஸ் சுருக்கமாக முடித்துவிட்டார். "அடுத்த படத்துல டெலிபோன் கிடையாது. கதவுமணிகூட வேணாம். முக்கியமான காட்சி ஒரே மூச்சா ஓடணும். செஞ்சுட்டா அவ இருப்பா. இல்லேன்னா அந்த நியூயார்க்காரி. இதுக்கு மேல என்கிட்ட வராத."

டீக் எழுதினான். அவன் எழுதியதிலேயே உருப்படியானது அதுதான். ஜெயிலில் வருஷக்கணக்கில் கழித்துவிட்டு ஒருவன் வீட்டுக்கு வருகிறான். மனைவி ஊரார் துணிக்கு இஸ்திரி போட்டுப் பிழைக்கிறவள். அவன் வாசலில் நிற்கிறான். அவள் தேய்த்துக்கொண்டே பேசுகிறாள். கடைசியில் நிமிர்ந்து அவனைப் பார்த்து, "நீ இல்லாம இருக்கப் பழகிட்டேன்" என்கிறாள்.

வெர்னா படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்தாள். "இதை நான் தனியாப் பாத்துக்கறேன், டீக். நீ ஒண்ணும் சொல்லித் தராத."

"ஒரே ஒரு இடம் மட்டும்..."

"ஒரு இடமும் வேணாம். ஆயுசுல பாதி இஸ்திரிப்பெட்டி பிடிச்சவ நான். நீ எனக்கு அதைச் சொல்லித் தருவியா?"

வீட்டில் இருந்த சட்டையெல்லாம் தேய்த்தாள். தேய்த்த சட்டையைத் தண்ணீர் தெளித்துச் சுருட்டி மறுபடி தேய்த்தாள். முணுமுணுப்பது கேட்கும். அவன் வாசற்படிக்கு வந்தால் நிறுத்திவிடுவாள். அவன் தோட்டத்தில் போய், அந்த ஊரில் மிளகு மரம் என்று சொல்கிற மரத்தடியில் உட்கார்ந்துகொள்வான். பெருமையாகத்தான் இருந்தது அவனுக்கு. ஆனால் பெருமை மட்டுமே இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

படம் பிடிக்கிற நாள் வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. வெர்னா பெட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். துணியில் பெட்டி இறங்கும் சத்தமும் அவள் குரலும் தவிர வேறெதுவும் இல்லை. அவள் டீக்கைத் தேடவில்லை. எதிரே நின்ற நடிகரைக்கூடப் பார்க்கவில்லை. காலரை மடித்தாள், கையைத் திருப்பினாள், மழையைப் பற்றியும் கூரை ஒழுகியதைப் பற்றியும் சொன்னாள். பர்செல் கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நின்றுவிட்டார். பால் தம்ளரோடு வந்த லோமாக்ஸ் அதை வைக்க இடம் தேடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரி வந்தது. அந்த இடத்தில் அவள் நிமிர வேண்டும். அவள் நிமிரவில்லை. பெட்டியை நிறுத்தினாள், துணியைப் பார்த்தபடியே நின்றாள். அவன் எழுதியதை விட அது நன்றாக இருந்தது. நிமிராமலேயே சொல்லப்போகிறாள் என்று அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. டீக்குக்கும் புரிந்திருக்கும்.

"நிமிர்ந்து பாரு, வெர்னா" என்றான் டீக்.

சத்தமாக இல்லை. ஆப்பிள் பெட்டியில் உட்கார்ந்து பேசுவானே, அதே குரலில், அன்பாகத்தான் சொன்னான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் நின்றவரைப் பார்க்கவில்லை. டீக்கைப் பார்த்தாள். பெட்டியின் அடியில் துணி தீயும் வாசனை வந்தது. அவள் அசையவில்லை. டீக்குக்குப் போதும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. கடைசியில் பர்செல்தான் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்து, "போதும், அம்மணி. பெட்டியைத் தூக்கிடுங்க" என்றார்.

மெழுகுத் தட்டைப் போட்டுக் கேட்டார்கள். கேட்காமல் விட்டிருக்கலாம். ஆனால் எடுத்ததும் கேட்பது அங்கே விதி. அவள் குரல் அந்தக் கூடம் முழுக்க வந்தது, அவ்வளவு சுத்தமாக. பிறகு டீக்கின் குரல் வந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஊசி கடைசி வரை ஓடி நின்றது. அதோடு அந்தத் தட்டு கெட்டுப்போனது. மற்றதைச் சுரண்டி வழித்துவிட்டு வேறு யாருக்கோ பயன்படுத்தினார்கள்.

மறுபடி எடுத்தார்கள். டீக் தெருவில் போய் நின்றான். மூன்றாம் தடவை, நான்காம் தடவை எடுத்தார்கள். கை தேய்த்தது, வாய் வரியைச் சொன்னது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வந்ததும் அவள் காது எதற்கோ காத்திருந்தது. சாயங்காலம் லோமாக்ஸ் அந்த நியூயார்க்காரியை அழைத்துவர ஓட்டலுக்கு ஆள் அனுப்பினார்.

"ஏன் டீக் அப்படிப் பண்ணினே?" என்று வீட்டில் வெர்னா கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"பழக்க தோஷம். வாய்ல வந்துடுச்சு."

"நான் அப்ப உன்னை மறந்தே போயிருந்தேன், தெரியுமா? நீ அங்க இருக்கறதே நினைப்புல இல்லை. எவ்வளவு நல்லா இருந்துது."

அவன் படத்தை விட்டு எழுந்து போயிருக்கலாம். மனுஷன் என்றால் போயிருக்க வேண்டும். வெர்னாதான், வீட்டில் ஒருத்தர் உட்கார்ந்தால் போதும், நீயும் உட்காராதே என்றாள். வெர்னா துணி தேய்த்த அந்த செட்டில் நியூயார்க் பெண்ணை நிற்கவைத்து அவன் படத்தை முடித்தான். அந்தப் பெண் எழுதியபடியே நிமிர்ந்து பார்த்தாள். படம் சுமாராக ஓடியது.

வெர்னா மறுபடி நடிக்கவில்லை. தெருக்கோடியில் வேறொரு படக் கம்பெனியின் துணி அறையில் வேலைக்குச் சேர்ந்தாள், இஸ்திரி போட. டீக் அதற்கப்புறம் பல வருஷம் படம் எடுத்தான், பிறகு எழுத மட்டும் செய்தான், பிறகு மற்றவர்கள் எழுதியதைத் திருத்தினான். கௌபாய் குதிரைப் படங்களுக்குக்கூட வசனம் எழுதினான். அவன் குதிரைக்காரர்கள் போட்டுக்கொண்ட சட்டை சிலது அவள் தேய்த்ததாக இருந்திருக்கும். மருந்துக்கடை வாசலில் ரேடியோ என்று யாரும் இப்போது கூப்பிடுவதில்லை. அவன் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் போய்விடுவான். வீட்டிலும் அப்படித்தான். உப்பு கொடு, கதவைச் சாத்து என்பதோடு சரி. அவள் முன்னால் வாயைத் திறக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

இஸ்திரி அறையின் நீராவியோ என்னவோ, வெர்னாவுக்கு நெஞ்சில் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தோட்டத்துப் பக்கம் ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டான். நர்ஸ் ஒருத்தி வந்து போனாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் மூச்சு சில சமயம் நின்று, பிறகு எங்கிருந்தோ திரும்பி வந்தது. வலியில் தலையணையைப் பிடித்துக்கொள்வாள். இப்படியே நாள் கணக்கில் இழுத்தது. எதற்காக இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நர்ஸுக்கே புரியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கண்ணைத் திறந்து அவனைத் தேடினாள்.

"டீக்."

"இங்கதான் இருக்கேன்."

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

அவன் அவள் கையைப் பிடித்தான். கையைப் பிடித்தால் போதாது, அவள் கேட்டது அதை இல்லை என்று தெரிந்தது.

"பேசு" என்றாள். "இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தியே, பாவி."

அவன் நாற்காலியை விட்டு இறங்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். ஆப்பிள் பெட்டி உயரம்.

"என்னைப் பாக்காத வெர்னா. ஜன்னலைப் பாரு. மிளகு மரம் அசையுது. வெயில் நல்லா அடிக்குது, துணி காய்ஞ்சுடும். எல்லாத்தையும் தேச்சு முடிச்சுட்டே. அடுக்கி வச்சாச்சு. கையைத் தளர விடு. அவ்வளவுதான். வலி இருக்கட்டும், அது பாட்டுக்கு இருக்கு. மூச்சை இழுத்துப் பிடிக்காத. நிமிர்ந்து பாக்க வேணாம். நீ நிமிர வேண்டியதே இல்லை. நான்தான் தப்பா சொல்லிட்டேன், அன்னிக்கு நீ பண்ணினதுதான் சரி."

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையணையை விட்டுக் கை இறங்கியது. முகத்தில் சுருக்கம் விட்டுப்போனது. ஆனாலும் மூச்சு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று அப்போதுதான் டீக்குக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் அவன் துணியைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே போனான். சாண்டா மோனிகா தண்ணீரின் குளிரைப் பற்றிப் பேசினான். நர்ஸ் கதவு வரை வந்தவள் உள்ளே வராமல் நின்றாள். வெயில் கட்டிலைத் தாண்டிச் சுவருக்குப் போனது. அவன் குரல் கம்மிவிட்டது. பேச இன்னும் எவ்வளவோ இருந்தது.

"போதும், வெர்னா" என்றான். "போதும்."